காவலைக் கலைக்கும் ஊசி

யார் செத்துப்போக வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேனோ, அந்த ஆளே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் அறைக்குள் வந்து உட்கார்ந்து, "ஊசி ரொம்ப வலிக்குமுங்களா சிஸ்டர்?" என்று கேட்டான்.

பெயர் ஆறுமுகசாமி. பூர்வீகம் கொள்ளேகால் பக்கம். மைசூரில் ஊதுபத்தி யூனிட் வைத்திருக்கும் முதலாளி. நேரில் அவனை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டேன். சம்பளம் வாங்குகிற நர்ஸ் வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆனால் இங்கே கதை சொல்வது நான். இங்கே அவன், அவன்தான்.

எனக்கு அவனை வாசலிலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. நான் மாஸ்க் போட்டிருந்ததால் அவனுக்கு என்னைத் தெரியவில்லை. கடைசியாக நான் பார்த்தபோது மலை மாதிரி நின்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தான். இப்போது சட்டைப் பொத்தானைக்கூட மகள்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. இரண்டு கையிலும் விரல்கள் வீங்கி, இஞ்சிக்கிழங்கு மாதிரி கோணிக் கிடந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது இரக்கம் இல்லை. ‘தாமதமானாலும் கேட்டீரே ஆண்டவரே’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் பெயர் சில்வியா. மைசூரில் ஒரு மூட்டுவாத கிளினிக்கில் ஊசி அறை என் பொறுப்பு. முடக்குவாதம் முற்றிப்போய், மாத்திரைக்கெல்லாம் அடங்காதவர்களுக்கு இங்கே ஒரு ஊசி போடுகிறோம். வயிற்றுச் சதையைப் பிடித்துக் குத்துவது. முதல் ஊசியை நான் போடுவேன். வீட்டு ஆள் ஒருவர் கூட உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்ததிலிருந்து வீட்டிலேயே அவர்கள் போட்டுவிடுவார்கள். அதனால் கூட வருகிறவர்களுக்கு நான் ஒரு சின்னப் பாடம் நடத்துவது வழக்கம்.

பாடம் இதுதான். உடம்பில் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குச் சேதி கொண்டுபோகிற புரதங்கள் இருக்கின்றன. சைட்டோகைன் என்று பொதுப்பெயர். ஊருக்குள் கள்ளன் வந்தால் கூவி ஆள் சேர்ப்பது மாதிரி, கிருமி நுழைந்தால் கூவிப் படை திரட்டுவது அவற்றின் வேலை. அதில் டிஎன்எஃப் என்று ஒருத்தன் பெருங்குரல்காரன். சிலருக்குக் கள்ளனே வராதபோதும் அவன் ஓயாமல் கூவுகிறான். படை ஓடிவந்து, அடிக்க யாரும் இல்லாமல், சொந்த மூட்டையே போட்டு அடிக்கிறது. ஊசியில் இருப்பது அந்தக் கூச்சல்காரன் வாயைப் பொத்துகிற மருந்து. பொத்தினால் வீக்கம் வடியும், விரல் மடங்கும், மனுஷன் எழுந்து நடப்பான்.

ஆனால் அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. டிபி கிருமி உள்ளே போனால், அதை அடியோடு கொல்ல முடியாதபோது உடம்பு அதைச் சுற்றிச் செல்களால் சுவர் எழுப்பிச் சிறை வைக்கும். அந்தச் சிறைக்குக் காவல் நிற்பதும் இதே கூச்சல்காரன்தான். அவன் வாயைப் பொத்தினால் காவலும் கலைந்துபோகும். உள்ளே வருஷக்கணக்காகத் தூங்கிய கிருமி எழுந்து வெளியே வரும். அதனால் டிபி இருந்ததா என்று விசாரிக்காமல் இந்த ஊசியை நாங்கள் யாருக்கும் போடுவதில்லை.

ஆறுமுகசாமிக்கு டிபி இருந்தது. அது எனக்குத் தெரியும். மைசூரில் அதைத் தெரிந்து உயிரோடு இருப்பது அவனும் நானும்தான். மூன்றாவதாகத் தெரிந்திருந்தவள் என் அக்கா.

அக்கா பெயர் மரியபுஷ்பம். அப்பா இல்லாத வீட்டில் என்னை நர்ஸிங் படிக்க வைத்தது அவள் கைகள். ஆறுமுகசாமியின் யூனிட்டில் ஊதுபத்தி உருட்டினாள். கரித்தூளும் மரத்தூளும் சேர்த்துப் பிசைந்த மாவை மூங்கில் குச்சியில் உருட்டுகிற வேலை. காற்று வந்தால் தூள் பறக்கும், மாவு காய்ந்துபோகும் என்று அங்கே ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். அடைத்த அறையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இருமல் சகஜம். அதற்கு அங்கே ஒரு வைத்தியமும் உண்டு, வெல்லம். வெல்லம் தின்றால் தொண்டையில் ஒட்டிய தூள் வழுக்கி வயிற்றுக்குப் போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள். யார் இருமினாலும் ஆறுமுகசாமியே ஒரு துண்டு வெல்லத்தை எடுத்துக் கையில் கொடுப்பான். ‘மொதலாளிக்கு எவ்ளோ நல்ல மனசு தெரியுமா’ என்று புஷ்பம் வீட்டுக்கு வந்து சொல்லுவாள்.

அந்த நல்ல மனசுக்காரனும் அதே அறையில் மாசக்கணக்காக இருமிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் வெல்லம் தின்னவில்லை. நஞ்சன்கூட்டில் ஒரு மருந்துக்கடைக்கு புஷ்பத்தை பஸ் ஏற்றி அனுப்பி மாத்திரை வாங்கிவரச் சொன்னான். மைசூரில் வாங்கினால் தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடுவானே. இருமல் நின்றதும், இனிமேல் வாங்க வேண்டாம் என்றுவிட்டான். ஆறு மாசம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்தைப் பாதியில் விட்டான்.

இதெல்லாம் புஷ்பம் எனக்குச் சொன்னது யூனிட்டில் இருந்தபோது அல்ல. பெரியாஸ்பத்திரி வார்டில், அவளுக்குக் கொடுத்த சிவப்பு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "இதே மாத்திரைதாண்டி மொதலாளிக்கு வாங்கிட்டு வருவேன்" என்றாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஆச்சரியம்தான் பட்டாள். அவள் பங்குக் கோபத்தையும் சேர்த்து நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஏனென்றால், ஒருநாள் வேலை செய்யும்போது அவள் ரத்தமாகத் துப்பினாள். அன்று ஆறுமுகசாமி அத்தனை பெண்களையும் எழுப்பி நிற்கவைத்து, அவளை நடுவில் நிறுத்தி, "எங்கிருந்தோ சீக்கைக் கொண்டாந்து என் யூனிட்டுக்குள்ள உட்டுட்டா பாருங்க" என்றான். சாப்பாட்டு டப்பாவைக் காலால் வாசலுக்குத் தள்ளினான். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு முன்னால் தெருத்தெருவாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். மைக்கேல் என்று ஒருவருக்கு நிச்சயம் ஆகியிருந்தது, அதுவும் உடைந்தது. வெல்லத்தை நம்பி உட்கார்ந்திருந்த காலத்தில் நுரையீரலில் பாதி போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வருஷம் திரும்புவதற்குள் அவளை மண்ணுக்குள் வைத்தோம்.

அடக்கம் முடிந்து நான் யூனிட் வாசலில் போய் நின்றேன். "நீங்களும் இதே மாத்திரைதானே சாப்பிட்டீங்க?" என்று கத்தினேன். கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். பழியை ஆண்டவரிடம் விட்டுவிடும்மா என்று பங்குச் சாமியார் சொன்னார். விட்டேன். ஆனால் அவருக்கு வேலை அதிகம் என்பதால் நானும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தேன்.

இப்போது அவனே வந்திருக்கிறான்.

ஊசிக்கு முன் கடைசியாக ஒருமுறை டாக்டர் அனுப்ரியா நேரில் வந்து கேட்பார். நல்லவர், ஆனால் கறார். அன்றும் வந்தார்.

"ரத்தப் பரிசோதனைல டிபி இல்லைன்னு வந்திருக்கு சார். ஆனா நீங்க ரொம்ப நாளா ஸ்டீராய்டு சாப்பிடறதால அது தப்பாவும் வரலாம். எக்ஸ்ரேல நுரையீரல் மேல்பக்கம் ஒரு பழைய தழும்பு தெரியுது. அதான் மறுபடி கேக்கறேன். எப்பவாவது டிபி வந்து மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"அய்யோ, அதெல்லாம் எங்க வம்சத்துலயே இல்லீங்கம்மா. அது சின்னதுல வந்த நிமோனியாத் தழும்புங்க."

"இருந்தாலும் தப்பில்ல, மறைக்காம சொல்லுங்க. முதல்ல அதுக்கு மாத்திரை கொடுத்துட்டு ஊசிய ரெண்டு மாசம் தள்ளிப் போட்டுக்கலாம்."

"தள்ளிப் போடறதுங்களா? அடுத்த மாசம் புள்ளைக்குக் கல்யாணமுங்க. நான் தாரை வார்க்கோணுமுங்க" என்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

அவர்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு உயிரே தாரைதான். பெண்ணின் கையையும் மாப்பிள்ளையின் கையையும் சேர்த்து, அதன்மேல் பெண்ணைப் பெற்றவன் செம்பைப் பிடித்து நீர் வார்க்க வேண்டும். செம்பு நழுவினால் அபசகுனம். அவனால் வார்க்க முடியாவிட்டால் அந்த இடத்தில் அவன் தம்பி நிற்பான். தம்பிக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே மகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் காவேரியை அவன் பார்த்த பார்வையில் உண்மையான பாசம் இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பாசம் என்றால் என்னவென்று தெரிந்தவன்தானே என் அக்காவை அப்படிச் செய்தான்.

"சரி. சில்வியா, ஊசிய எடுத்து வெளிய வைங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாக்கியம் போதும், நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன். அவனே கேட்கிறான், அவனே பொய் சொல்கிறான், நான் என் வேலையைத்தான் செய்கிறேன். நான் குத்தத் தேவையில்லை, அடிக்கத் தேவையில்லை, சபிக்கக்கூடத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும், மீதியை மருந்து பார்த்துக்கொள்ளும். அப்படி ஒரு சுகத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

ஃப்ரிட்ஜிலிருந்து ஊசியை எடுத்துத் தட்டில் வைத்தேன். குளிர்ச்சியோடு குத்தினால் எரியும். அரை மணி நேரம் வெளியே வைத்துத்தான் போட வேண்டும். அந்த அரை மணி நேரத்தில்தான் பாடம் நடக்கும்.

காவேரி பேச்சுக்காரப் பெண். கல்யாணச் சேலை கொள்ளேகாலில் எடுத்ததைச் சொன்னாள். யூனிட்டை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாளாம். "அப்பாவும் தினமும் வந்து உக்காருவாரு சிஸ்டர், வீட்ல இருக்கவே மாட்டாரு" என்றாள். ஜன்னலெல்லாம் இப்போது திறந்து வைக்கிறீர்களா என்று கேட்டேன். "அய்யோ, தூள் பறக்குமே" என்று சிரித்தாள். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"உங்க கண்ணைப் பார்த்தா எனக்கு ஒரு அக்கா ஞாபகம் வருது. புஷ்பம் அக்கான்னு எங்க யூனிட்ல இருந்தாங்க. ஸ்கூல் விட்டு வந்தா அவங்கதான் எனக்கு ஜடை போட்டுவிடுவாங்க."

ஆறுமுகசாமி நிமிர்ந்தான். "சும்னே இரு கண்ணு. சிஸ்டருக்கு வேலை இருக்கும்."

"பரவாயில்ல சார், பேசட்டும்" என்றேன். "அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க?"

"யாரோடயோ ஓடிப் போயிட்டாங்களாம் சிஸ்டர். அப்பாதான் சொன்னாரு. நான் தும்ப அழுதேன், ராத்திரியெல்லாம் அழுதேன், என்கிட்டகூடச் சொல்லாம போயிட்டாங்களேன்னு."

ஓடிப்போய்விட்டாள்.

கொன்றது போதாதென்று ஓடுகாலியாகவும் ஆக்கியிருக்கிறான். சும்மா இருந்து பார்க்கலாம் என்ற சுகமெல்லாம் அந்த நிமிஷத்தோடு போயிற்று. இவன் தெரியாமல் சாகக்கூடாது. எதனால் சாகிறோம், யார் கையால் சாகிறோம் என்று தெரிந்து சாக வேண்டும். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தேன்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. அன்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திய முகம் இது என்று தெரிந்து, முகம் வெளுத்துப்போயிற்று. நான் நாற்காலியைக் காவேரி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பேச்சு அவளோடு, கண் அவன்மேல்.

"காவேரி, இந்த ஊசிய யாருக்குப் போடக்கூடாதுன்னு நீ முக்கியமாத் தெரிஞ்சுக்கணும்" என்று ஆரம்பித்து, சேதி சொல்லும் புரதத்தையும், அது காவல் நிற்கும் சிறையையும் நிதானமாகச் சொன்னேன். "டிபி மாத்திரைய முழுசாச் சாப்பிட்டவங்களுக்கே நாங்க யோசிச்சுதான் போடுவோம். பாதில விட்டவங்களுக்கு இந்த ஊசி போட்டா அவ்வளவுதான். முதல்ல சாயங்காலமானா காய்ச்சல் வரும். அப்புறம் படுக்கை நனையற அளவுக்கு வேர்வை. அப்புறம் இருமல். இந்தத் தடவை நுரையீரலோட நிக்காதும்மா, எலும்பு, மூளைன்னு எங்க வேணா பரவும். பக்கத்துல இருக்கவங்களுக்கும் ஒட்டிக்கும்."

"அய்யய்யோ" என்றாள் காவேரி. "நல்லவேளை, அப்பாவுக்கு அதெல்லாம் வந்ததே இல்ல."

"ஆமா, அவரே சொல்லிட்டாரே. ஏன் சார், வந்ததில்லதானே?"

அவன் மகளை ஒருதரம் பார்த்தான். "இல்லீங்க" என்றான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒருதரம் உள்ள போச்சுன்னா உறிஞ்சி வெளிய எடுக்க முடியாது."

"அதான் இல்லைன்னேனுங்களே."

"அப்பச் சரி. சட்டையத் தூக்குங்க சார்."

ஊசி முனையைப் பார்த்ததும் உளறிவிடுவான் என்று நான் நிச்சயமாக இருந்தேன். காலில் விழுவான், கெஞ்சுவான், மகள் முன்னால் அவன் வாயாலேயே சொல்லவைத்துவிடலாம் என்பது என் கணக்கு. கணக்கு தப்பியது. அவன் விரலால் முடியாததால் காவேரி சட்டையைத் தூக்கினாள். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வயிற்றைக் காட்டினான். புஷ்பத்தின் தலையில் சர்வசாதாரணமாகத் தூக்கிப் போட்ட அந்த ஒரு சொல்லைத் தன் தலையில் வாங்குவதைவிடச் சாவு அவனுக்குச் சுலபமாக இருந்தது.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். மூடியைக் கழற்றினேன். "சதைய இப்படிப் பிடிச்சுக்கோ" என்றதும், கற்றுக்கொள்ளும் ஆர்வத்தில் காவேரி குனிந்து இரண்டு விரலால் பிடித்தாள். அவள் முகம் அவன் வாய்க்குக் கீழே இருந்தது. அவன் பயத்தில் மூச்சை இரைத்து இரைத்து விட, அவள் நெற்றி முடி அந்த மூச்சில் அசைந்தது.

என் கை நின்றது.

அப்போது அவன்மேல் எனக்குக் கருணை பிறந்தது என்று யாராவது எதிர்பார்த்தால், அவர்கள் வேறு கதை படிக்கட்டும். அந்தப் பெண்ணுக்காகவும், அடைத்த அறையில் இன்றைக்கும் உருட்டிக்கொண்டிருக்கும் பெண்களுக்காகவும்தான் நிறுத்தினேன் என்றால் அது பாதி உண்மை. மீதிப் பாதி இது. இவன் செத்தால் படத்துக்கு மாலை போடுவார்கள். ‘மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் போன மகராசன்’ என்பார்கள். காவேரி ஆயுசுக்கும் இவனை நினைத்து அழுவாள். புஷ்பம் ஆயுசுக்கும் ஓடிப்போனவளாகவே இருப்பாள். இவ்வளவு மலிவாக இவனை விட நான் பைத்தியக்காரியா?

ஊசியைத் தட்டில் போட்டேன்.

"காவேரி, கைய எடும்மா. உங்க அப்பாவுக்கு டிபி வந்திருக்கு. நஞ்சன்கூட்ல இருந்து திருட்டுத்தனமா மாத்திரை வரவழைச்சுச் சாப்பிட்டாரு, பாதில விட்டாரு. வாங்கிட்டு வந்தது உன் புஷ்பம் அக்கா. இவர்கிட்ட இருந்துதான் அவளுக்கு வந்துச்சு. இவர் சாப்பிட்டது மாத்திரை, அவளுக்குக் குடுத்தது வெல்லம். அவ எங்கயும் ஓடிப் போகல. பெரியாஸ்பத்திரில செத்துப்போனா. நான் அவ தங்கச்சி."

"பொய்!" என்று அவன் கத்தினான். "இவ பழி வாங்க வந்திருக்கா கண்ணு! நம்பாத!"

"ஆமா சார், பழிதான் வாங்கறேன். ஆனா பொய் சொல்லல."

காவேரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் என்னை நம்பியிருக்கவேண்டிய அவசியம் இல்லை. என் கையில் ஒரு சாட்சியும் கிடையாது. பிறகு என்னிடம் கேட்டாள்.

"அந்த மாத்திரை சாப்பிட்டா மூத்திரம் சிவப்பா போகுமா சிஸ்டர்?"

"போகும்" என்றேன்.

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "சின்னதுல நான் பாத்ரூம்ல பார்த்துட்டு, அப்பாவுக்கு ரத்தம் போகுதுன்னு அழுதேன். பீட்ரூட் தின்னேன்னு சொன்னீங்க. தினமும் பார்த்தேன்ப்பா. தினமுமா பீட்ரூட் தின்னீங்க?"

"கல்யாணம் முடியட்டும்னுதான் கண்ணு..." என்றான். மகள் சட்டையை இறக்கிவிடாமலே எழுந்து நின்றாள். வயிறு தெரிய உட்கார்ந்திருந்தவனால் அதைத் தானாக இறக்கிக்கொள்ளவும் முடியவில்லை. அவள் அழவில்லை. "டாக்டரக் கூப்பிடுங்க சிஸ்டர்" என்றாள். "எங்க பொம்பளைங்க எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கணும்."

அன்றைக்கு எனக்கு டாக்டர் அனுப்ரியாவிடமிருந்து கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. தெரிந்திருந்தும் அவரிடம் உடனே சொல்லாதது ஒரு குற்றம், நோயாளியின் விஷயத்தை மகள் முன்னால் போட்டு உடைத்தது இன்னொரு குற்றம். மெமோ கொடுத்தார். நியாயமான மெமோ. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

யூனிட் பெண்களைப் பரிசோதித்ததில் லிங்கம்மா என்பவளுக்கு டிபி ஆரம்ப நிலையில் இருந்தது தெரிந்தது. வெல்லம் தின்றுகொண்டிருந்தாளாம். அவளுக்கு உடனே மருந்து தொடங்கி, குணமாகி வருகிறாள். காவேரி ஆள் வைத்து ஜன்னல்களைக் கழற்றிவிட்டு வலைக்கம்பி அடித்தாள். தூள் பறக்கிறதாம். பறக்கட்டும்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. காவேரி வந்து என்னை அழைத்திருந்தாள், போனேன். மணமேடையில் தாரை வார்த்தது அவனுடைய தம்பி. செம்பு நழுவவில்லை, நீர் கம்பி மாதிரி ஒழுங்காக விழுந்தது. ஆறுமுகசாமி கீழே முதல் வரிசை நாற்காலியில் கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தான். அவனுக்கு என்ன வியாதி என்று கல்யாண வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. மருந்து சாப்பிடுகிறவன் பக்கத்தில் உட்காருவதால் ஒன்றும் ஒட்டாது என்று ஒரு நர்ஸாக நான் எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நெஞ்சு நோய் டாக்டர் அவனுக்கு மாத்திரை எழுதியிருந்தார். சளியில் கிருமி இல்லை, உள்ளே தூங்குவதைக் கொல்ல வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற கை நிறைய மாத்திரை. ஒருமுறை பாதியில் விட்ட ஆள் என்பதால், வீட்டுக்குக் கொடுத்தனுப்பக்கூடாது, யாராவது கண்முன்னால் விழுங்கவைக்க வேண்டும் என்று உத்தரவு. டாக்டர் அனுப்ரியா அதற்கு வேறொரு நர்ஸைப் போடத்தான் பார்த்தார். காவேரி ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க அப்பா புஷ்பம் அக்கா தங்கச்சி கையாலதான் சாப்பிடணும். இல்ல அப்பா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். மகள் இன்னும் அவனோடு பேசுவது அந்த மாத்திரை விஷயமாக மட்டும்தான், பிறகு தலையாட்டாமல் என்ன செய்வான்?

அதனால் வாரா வாரம் வருகிறான். கோணிய விரலால் மாத்திரையைப் பொறுக்கி எடுக்க முடியாது. நான்தான் ஒவ்வொன்றாக அவன் நாக்கில் வைத்து, தண்ணீர் டம்ளரை உதட்டில் பிடிக்க வேண்டும். மொத்தமாக விழுங்கினால் குமட்டும், நிதானமாகத்தான் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் புஷ்பத்தைப் பற்றிச் சொல்லுவேன். ஒரு வாரத்துக்கு அவள் வாழ்வில் ஒரு நாள். வீட்டுக்காரர் அவள் பாயைச் சுருட்டித் தெருவில் வைத்த நாளை முதல் வாரம் சொன்னேன். மைக்கேல் வீட்டார் வந்து நிச்சய மோதிரத்தைக் கேட்டபோது, மெலிந்த விரலிலிருந்து அது தானாகக் கழன்று விழுந்ததை அடுத்த வாரம் சொன்னேன். குரல் உயர்த்த மாட்டேன். திட்ட மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்லுவேன். வாயில் மாத்திரையோடு அவனால் எழுந்து போக முடியாது.

ஆள் தேறித்தான் வருகிறான். டாக்டர் திருப்தியாக இருக்கிறார். உள்ளே தூங்கும் கிருமி அடங்கியதும் அந்த ஊசியும் போடலாம் என்கிறார்கள். விரல்கூட நிமிரலாம், தாரை வார்த்துக்கொடுக்கத்தான் இனி இன்னொரு மகள் இல்லை.

போன வாரம் அவன் வாயைத் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் நின்றது.

"அன்னைக்கே அந்த ஊசியப் போட்டிருந்தீன்னா எல்லாம் முடிஞ்சிருக்குமே அம்மிணி. ஏன் போடாம உட்டே?"

"முடிஞ்சிருக்கும்னுதான் போடல சார். வாயத் திறங்க."

திறந்தான். முதல் மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, புஷ்பம் கடைசியாகச் சோறு கேட்ட நாளைச் சொல்ல ஆரம்பித்தேன்.